தேடிய தேட்டம்: பேராக்கில் மணமுறிவும் சொத்துப் பங்கீடும்

திருமணத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. வதுவை, மன்றல், வரைவு, கடிமணம் எனப் புலவர்கள் வழங்கிய சொற்களை அடுக்கிக்கொண்டே போகலாம். மணம் முறிவதைக் குறிக்கவோ நம்மிடம் இன்று வழங்கும் பெருஞ்சொல் 'விவாகரத்து' என்பது. விவாகம் வடசொல், ரத்து அரபுச்சொல். இருமொழிச் சொற்கள் நீதிமன்றத்தில் சந்தித்துக் கைகோத்துத் தமிழில் புகுந்துவிட்டன. 'ஜீவனாம்சம்' என்பதும் அவ்வாறு வந்ததே. இவற்றை நோக்குவார், மணமுறிவு தமிழர் வாழ்வில் இல்லாத ஒன்று, அது பிறர் கொண்டுவந்து புகுத்தியது என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது. தமிழகத்துச் சிற்றூர்களில் 'தீர்த்துவிடுதல்' என்றும் 'அறுத்துக்கட்டுதல்' என்றும் வழங்கிய வழக்குகள் பழமையானவை. பல சமூகங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் மணம் தீர்க்கப்பட்டதும், பெண் மறுமணம் செய்துகொண்டதும் உண்டு.

சொத்தைப் பிரிப்பதற்கும் ஓர் அரிய தமிழ்ச்சொல் இருக்கிறது. அது யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் உள்ளது. 1707-ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்நாட்டுத் தமிழரின் வழக்காறுகளை எழுத்தில் தொகுத்தார். அத்தொகுப்புச் சொத்தை மூன்றாக வகுக்கிறது. முன்னோரிடமிருந்து வருவது முதுசம். பெண் மணத்தின்போது கொண்டுவருவது சீதனம். மணவாழ்க்கையில் ஈட்டப்படுவது தேடிய தேட்டம். முதுசமும் சீதனமும் உரியவர் உரியவர்க்கே. தேடிய தேட்டமோ கணவன் மனைவி இருவர்க்கும் பொது, இருவர்க்கும் சரிபாதி. அதனை ஆளும் பொறுப்பு அக்காலத்தில் கணவன் கையில் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் உரிமை இருவருடையது.

இனிப் பேராக்கைப் பார்ப்போம். இங்குள்ள மலாய்க்காரர் வழக்கில் 'ஹர்த்தா செபென்சாரியான்' என்றொரு தொடர் உண்டு. ஹர்த்தா என்றால் சொத்து. 'சாரி' என்னும் மலாய் வினைக்குத் 'தேடு' என்பதே பொருள். எனவே சேர்ந்து தேடிய சொத்து என்பதே அத்தொடரின் கருத்தாகும். கடல் கடந்த இரண்டு மக்கள், ஒருவர் மொழியை ஒருவர் பாராமலே, ஒரே வினையடியிலிருந்து ஒரே கருத்தை வடித்திருப்பது மொழியாசிரியர்க்குப் பெருவிருந்தன்றோ? பேராக் அரசவை 1907 ஜனவரியில் இவ்வழக்கைக் குறிப்பாகவும் பதிவு செய்தது. மணவாழ்க்கையில் இருவராலோ ஒருவராலோ ஈட்டப்பட்ட சொத்து மணமுறிவின்போது ஆணுக்கு இரண்டு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்குமாகப் பிரிக்கப்படும் என்பது அப்பதிவின் சாரம். பங்கு சமமன்று, ஆனால் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பது எழுத்தில் ஏறிவிட்டது.

ஆக, மனைவியின் தேட்டத்தை மதிக்கும் சொல்லும் நெறியும் மலாய் வழக்கில் இந்த மண்ணிலேயே இருந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழரிடமும் இருந்தன. புகைவண்டிப் பணிக்கும் எழுத்தர் பணிக்கும் பேராக்கிற்கு வந்த யாழ்ப்பாணத்தார் அச்சொல்லை அறிந்தே வந்தனர். எனினும் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்ணுக்கு இவ்விரண்டும் நெடுங்காலம் எட்டவில்லை. மலாய் வழக்கு மலாய்க்காரர்க்கு உரியது. தேசவழமை யாழ்ப்பாணத்துக்கு உரியது. தோட்டத் தமிழர்க்கு இருந்ததெல்லாம் ஊரிலிருந்து உடன் வந்த வழக்கமே. அவ்வழக்கம் எவ்வாறு சட்டமாயிற்று, எவ்வளவு காலம் கழித்து ஆயிற்று என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

லயத்து வாழ்வும் சொத்தும்

பிரிப்பதற்குச் சொத்து வேண்டும். தோட்டத் தொழிலாளியிடம் என்ன சொத்து இருந்தது? லயத்து வீடு கம்பெனிக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். வாசலில் போட்ட காய்கறித் தோட்டம் நிலைத்த உடைமையன்று. ஆடு மாடு, பித்தளைப் பாத்திரம், பெண்ணின் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன், சீட்டுப் பணம் ஆகியவையே கைச்சொத்து. மிச்சம் பிடித்த பணம் பெரும்பாலும் ஊருக்கு அனுப்பப்பட்டது. அங்கே வாங்கிய காணி நிலம் கணவன் பெயரிலோ அவன் உடன்பிறந்தார் பெயரிலோ எழுதப்படும். பால்மரம் வெட்டிய மனைவியின் பெயர் அந்தப் பத்திரத்தில் இடம்பெறுவது அரிது.

அவளும் கூலி பெற்றவளே. 1920-களின் இறுதியில் வகுக்கப்பட்ட பொதுக் கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது அவை 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டன. செக்ரோல் புத்தகத்தில் அவள் பெயர் தனியே இருந்தது. கூலியும் தனியே கணக்கிடப்பட்டது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, திரும்பி வந்து சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மறுநாளுக்கு விறகும் தண்ணீரும் சேர்த்து வைத்தவள் அவள். இரண்டாவது வேலைக்குச் செக்ரோலில் பக்கம் இல்லை. முதல் வேலையின் கூலியும் வீட்டுச் செலவில் கரைந்தது. ஆதலால் கணவனின் மிச்சம் சொத்தாக நின்றது. மனைவியின் உழைப்போ உண்ட சோறாக மறைந்தது. பின்னாளில் எழுந்த பங்கீட்டு வழக்குகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பஞ்சாயத்தும் தண்டனைச் சட்டமும்

கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில் ஆண்கள் மிகுதியாகவும் பெண்கள் குறைவாகவும் வந்தனர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதும் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. இந்நிலையில் குடும்பப் பூசல்கள் எழுந்தது வியப்பன்று. அவற்றைத் தீர்க்கக் கோயில் முன்றிலிலோ கங்காணி வீட்டு வாசலிலோ பஞ்சாயத்துக் கூடும். பரிசம் திரும்புமா, தாலிப் பொன் யாருக்கு, பிள்ளைகள் யாரிடம் வளர்வர் என்பனவே பெரும்பாலும் அங்கே எழுந்த கேள்விகள். பஞ்சாயத்தின் நன்மை அது அருகில் இருந்தது, காசு கேட்கவில்லை, தமிழில் பேசியது. அதன் குறை, அங்கே உட்கார்ந்தவர்கள் ஆண்கள் என்பதும், அதன் தீர்ப்பு தோட்டத்து எல்லைக்கு அப்பால் செல்லாது என்பதுமாகும்.

அரசின் சட்டமோ வேறொரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி இங்கே வந்த தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு, பிறன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியது. அதில் முறையிடும் உரிமை கணவன் பக்கத்திற்கே இருந்தது. மனைவி வீட்டைவிட்டுப் போனால் கணவன் செல்வதற்குக் குற்றவியல் நீதிமன்றம் உண்டு. கணவன் அவளை விட்டுப் போனால் அவள் பங்கு கேட்டுச் செல்வதற்கு வழி இல்லை. மனைவியை உடைமையாக எண்ணிய காலத்தின் எச்சமாகிய அப்பிரிவு, அரசமைப்புக்கு முரணானது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்தால் 2023-இல்தான் நீக்கப்பட்டது.

இந்தியாவில் திறந்த கதவு

சென்னை மாகாணத்தில் 1949-இல் இயற்றப்பட்ட சட்டம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழி செய்தது. 1955-இல் இந்திய நாடு முழுமைக்கும் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டங்கள் பேராக்கில் குடியமர்ந்து இந்நாட்டவராகிவிட்ட தமிழர்க்கு உதவவில்லை.

மலாயாவில் 1952-இல் மணவிலக்குச் சட்டம் ஒன்று வந்தது உண்மையே. ஆனால் ஒருதார மணங்களுக்கே அது பொருந்தும். வழக்கப்படி நடந்த இந்துத் திருமணம் பலதாரத்துக்கு இடங்கொடுப்பது என்று கருதப்பட்டமையால் அதற்குள் அடங்கவில்லை. அதே 1952-இல் வந்த குடிமைத் திருமணச் சட்டத்தின்படி பதிவு அலுவலர் முன் மணந்தவர்க்கு அவ்வாயில் திறந்தது. கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டியதோடு நின்றவர்க்கு மூடியே இருந்தது. தோட்டத்தில் இரண்டாம் வகையினரே மிகுதி. தஞ்சாவூரில் இருந்த அக்காள் 1949 முதல் நீதிமன்றம் செல்லலாம். சுங்கை சிப்புட்டில் இருந்த தங்கை மேலும் 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதுவே அன்றைய நிலை.

சொத்து தோன்றிய காலம்

அந்த 33 ஆண்டுகளில் தொழிலாளர் கையில் சொத்து என்று சொல்லத்தக்கது மெல்லத் தோன்றியது. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. மாதந்தோறும் பிடிக்கப்பட்ட சிறு தொகை முதுமையில் ஒரு பெருந்தொகையாகும் என்ற நிலை ஏற்பட்டது. 1950-களிலும் 1960-களிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவராகிய துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதத் தவணையாகப் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராயினர். லயத்து வீட்டுக்கு உரிமையற்றிருந்தவர்கள் ஒரு தோட்டத்தின் பங்குக்கு உரிமை பெற்றது பெருமாற்றம்.

பின்னர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் முதலிய ஊர்களின் மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டுக் கடன் சம்பளச் சீட்டு உள்ளவர் பெயரில் எழுதப்பட்டது. நிலப்பட்டாவிலும் அவர் பெயரே. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் பட்டாவில் உள்ள பெயருக்கே வலிமை தருவது. முன்பு ஊர்க் காணியில் மறைந்த மனைவியின் பெயர் இப்போது ஈப்போ வீட்டுப் பட்டாவிலும் மறைந்தது. பெயரைத் தாண்டி உழைப்பைக் காணும் ஒரு சட்டம் இன்றியமையாததாயிற்று.

1982 மார்ச் 1

முஸ்லிம் அல்லாதாரின் திருமணச் சட்டங்களை ஆராய 1970-இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் பயனாக, 1976-ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு)ச் சட்டம் பிறந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. அன்று முதல் ஒருவனுக்கு ஒருத்தி என்பது பொதுவாக முஸ்லிம் அல்லாதார்க்குச் சட்டமாயிற்று. அந்நாளுக்கு முன் வழக்கப்படி முறையாக நடந்து நிலைத்திருந்த மணங்கள் பதிவானவையாகவே கொள்ளப்பட்டன. அதன்பின் நடப்பவை சட்டப்படி நடத்தப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும்.

சிலர் இதனைச் சடங்குக்குப் பகையென எண்ணினர். அஃது அறியாமை. கோயிலிலேயே மணம் நடத்தலாம். துணைப் பதிவாளராக அமர்த்தப்பட்ட கோயிலார் அங்கேயே பதியலாம். மேலும், வாக்கு மாறுதலும் வழி தவறுதலும் தலைகாட்டிய பின்னரே மூத்தோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியம் கூறும் செய்தி. அன்று வகுத்த சடங்கு ஊரார் கண்ணைச் சாட்சியாக்கியது. ஊர் கலைந்து, தோட்டம் கலைந்து, சாட்சிகள் நாலா திசையும் போய்விட்ட இக்காலத்துக்குப் பதிவேடே அச்சாட்சி. பழைய கரணத்தின் நோக்கத்தையே புதிய பதிவும் நிறைவேற்றுகிறது.

மணவிலக்கு இரு வழியில் கிடைக்கும். இருவரும் உடன்பட்டுக் கூட்டாக மனுச் செய்வது ஒன்று. மணம் மீளாவண்ணம் முறிந்தது என்று ஒருவர் மெய்ப்பிப்பது மற்றொன்று. பிறருடன் கூடாவொழுக்கம், உடன்வாழ இயலாத நடத்தை, இரண்டாண்டு கைவிட்டமை, இரண்டாண்டு பிரிந்து வாழ்ந்தமை என்பன அதற்குரிய சான்றுகள். மணந்து இரண்டாண்டு நிறையுமுன் மனுச் செய்தல் பொதுவாக இயலாது. மிகுந்த கொடுமைக்குள்ளானவர்க்கு விலக்கு உண்டு. ஒருவர் மட்டும் மனுச் செய்யும் வழக்கு, சில விலக்குகள் நீங்கலாக, முதலில் சமரச மன்றத்துக்குச் செல்ல வேண்டும். சமய, சமூக அமைப்புகள் ஏற்படுத்தும் மன்றங்களையும் அமைச்சரின் ஒப்புதலோடு இதற்கு அமைக்கலாம். பழைய தோட்டப் பஞ்சாயத்தின் நிழல் இப்பிரிவில் விழுந்திருப்பதைக் காணலாம். ஆனால் தீர்ப்பளிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கே உரியது.

பெயரா, உழைப்பா?

இனிப் பங்கீட்டுக்கு வருவோம். இச்சட்டத்தின் 76-ஆம் பிரிவே தேடிய தேட்டத்தின் மலேசிய வடிவம். 1976-இல் எழுதியபோது அது சொத்தை இருவகையாக்கியது. இருவர் முயற்சியால் ஈட்டியது ஒன்று. அதில் சமபங்கை நோக்கி நீதிமன்றம் சாயவேண்டும். ஒருவர் முயற்சியால் மட்டும் ஈட்டியது மற்றொன்று. அதில் ஈட்டியவர்க்குப் பெரும்பங்கு. வீட்டைப் பேணியும் குடும்பத்தைக் காத்தும் மற்றவர் செய்த உதவி இரண்டாம் வகையில் கருதப்படும். ஆனாலும் அவர் பங்கு சிறுபங்காகவே நின்றது. 1907-ஆம் ஆண்டின் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கின் சாயல் இதில் இல்லாமலில்லை.

2017-இல் திருத்தப்பட்டு 2018 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கியது. மணவாழ்க்கையில் ஈட்டிய சொத்து யார் ஈட்டியதாயினும், நீதிமன்றம் சமபங்கை நோக்கியே சாயவேண்டும். பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் தந்த பங்கு, குடும்ப நலனுக்காக ஏற்பட்ட கடன், வீட்டைப் பேணிய உழைப்பு, சிறு பிள்ளைகளின் தேவை, மணம் நீடித்த காலம் ஆகியவை எடையிடப்படும். மணத்துக்கு முன்பே ஒருவர்க்கு இருந்த சொத்தும், மணவாழ்க்கையில் மற்றவரால் அல்லது இருவராலும் பெரிதும் மேம்படுத்தப்பட்டிருந்தால் கணக்கில் வரும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். கணவர் ஈப்போவில் லாரி ஓட்டுகிறார். மனைவி முன்பு பால் வெட்டியவர். மூன்றாம் பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு, நோயுற்ற மாமியாரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். இருபதாண்டுக் கடனில் வாங்கிய வீடு கணவர் பெயரில் இருக்கிறது. 'வீடு என் பெயரில், கடன் கட்டியது என் சம்பளம். அவளுக்கு என்ன உண்டு?' என்பது கணவரின் வாதம். 1982-க்கு முன் இவ்வாதம் வென்றிருக்கும். 1982-க்குப் பின் அவருக்குச் சிறுபங்கு வந்திருக்கும். இன்றோ நீதிமன்றம் சமத்திலிருந்து தொடங்கும்; அதிலிருந்து விலகக் காரணம் காட்டவேண்டும். 'சமைத்துப் போட்டாள்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கப்பட்ட வாழ்நாள் உழைப்பு, சட்டத்தின் கண்ணில் இருபதாண்டுத் தேட்டமாகிவிட்டது.

இங்குச் சில ஐயங்களையும் தெளிவித்தல் நன்று. பல ஆண்டு பிரிந்து வாழ்ந்தாலே மணம் தானாக முறிந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறு முறியாது. நீதிமன்ற ஆணையின்றி மறுமணம் செய்துகொள்பவர் குற்றத்துக்கு உள்ளாவர். 76-ஆம் பிரிவின் பங்கீடும் மணவிலக்கோ நீதிமுறைப் பிரிவோ ஆணையாகும்போதே கிடைக்கும். சொத்தை மறைக்கும் கருத்துடன் பிறர் பெயருக்கு மாற்றினால் நீதிமன்றம் அதனைத் தடுக்கவும் நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. சேமநிதியில் யாரை நியமித்திருக்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மணவிலக்கு ஆணையே பழைய நியமனத்தை மாற்றிவிடும் என்று வாளாவிருத்தல் கூடாது.

மணவிலக்குப் பெறாமலே ஒருவர் உயில் எழுதாது இறந்தால், 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பேசும். அதிலும் ஒரு வரலாறு உண்டு. மனைவி இறந்தால் கணவனுக்கு முழுச்சொத்து. கணவன் இறந்தால் பிள்ளைகளுள்ள மனைவிக்கு மூன்றிலொன்று. இவ்வாறே அது முதலில் எழுதப்பட்டிருந்தது. 1997-இல்தான் இருவர்க்கும் ஒரே அளவு என்றாயிற்று. இப்போது பெற்றோரும் பிள்ளைகளும் உள்ளபோது வாழ்க்கைத்துணைக்குக் கால்பங்கும், பிள்ளைகளுக்கு அரைப்பங்கும், பெற்றோருக்குக் கால்பங்கும் சேரும்.

மதம் மாறினால்

இருவருள் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பேராக்கிலிருந்தே நாடறிந்த விடை எழுந்தது. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை மு. இந்திரா காந்தியின் கணவர் 2009-இல் மதம் மாறி, அவர் அறியாமலே மூன்று பிள்ளைகளையும் மாற்றிப் பதிந்தார். ஈப்போ உயர்நீதிமன்றத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கில், பெற்றோர் இருவர் ஒப்புதலுமின்றிப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-இல் தீர்ப்பளித்தது. முன்பு, மதம் மாறாத துணைவரே மணவிலக்குக் கோரலாம் என்றிருந்தது. 2018 டிசம்பரில் வந்த திருத்தத்தால் மதம் மாறியவரும் குடிமை நீதிமன்றத்திலேயே மனுச் செய்யும் நிலை ஏற்பட்டது. சொத்துப் பங்கீடும் பிள்ளைகள் பொறுப்பும் அங்கேயே தீர்க்கப்பட இது வழிவகுத்தது. தீர்ப்பு வந்த பின்னும் கடைக்குட்டி மகளைத் தாயிடம் சேர்ப்பிக்க இயலாமல் ஆண்டுகள் ஓடின. சட்டம் எழுதப்படுவது வேறு, நிறைவேறுவது வேறு என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

ஆசிரியர் கடமை

மணமுறிவை யாரும் விரும்பி நாடுவதில்லை. ஆயினும் அது நேர்ந்தபோது அறியாமையும் சேர்ந்துகொண்டால் துன்பம் இருமடங்காகும். தோட்டத்துப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியரிடம் கடிதம் படிக்கக் கொண்டுவந்த வழக்கம் நெடுநாளையது. இன்றும் மலாயில் வந்த நீதிமன்றத் தாளை முதலில் தமிழாசிரியரிடம் காட்டுவோர் உளர். வழக்குரைஞர் செய்யவேண்டியதை ஆசிரியர் செய்யவேண்டுவதில்லை. திருமணப் பதிவுச் சான்று இருக்கிறதா, வீட்டுக் கடனுக்கு யார் யார் என்ன கொடுத்தனர் என்பதற்குச் சீட்டு இருக்கிறதா, சேமநிதி நியமனம் யார் பெயரில் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, உரிய இடத்துக்கு அனுப்பினாலே போதும். கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு அரசின் சட்ட உதவித் துறை இருப்பதையும் சொல்லலாம்.

மற்றொன்றும் அவரால் ஆகும். வகுப்பில் 'தேடு' என்னும் வினையிலிருந்து 'தேட்டம்' என்னும் பெயர் பிறப்பதைக் கற்பிக்கும் நாளில், அது தந்தையின் சம்பளத்தை மட்டுமன்றித் தாயின் அடுப்படி உழைப்பையும் குறிக்கும் என்று சேர்த்துச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் 1707-இல் ஏட்டிலேறிய அச்சொல்லின் பொருள் பேராக் தோட்டத் தமிழ்ப் பெண்ணை வந்தடைய முந்நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. அடுத்த தலைமுறை அதனை அறியாமல் இழந்துவிடலாகாது.